மானம் கப்பலேறுதல்: ஒரு மரபுத்தொடர் விளக்கம்

கடற்பயணத்தை அடியொற்றிய தமிழ் மரபுத்தொடர்களுள் 'மானம் கப்பலேறுதல்' இன்றும் பெருவழக்கில் உள்ளது. பலரறியப் பழிக்குள்ளாகி மதிப்பை மீட்கவியலாது இழத்தல் என்பது இதன் பொருள். கப்பலேறியது கரையை விட்டு அகல்கிறது. அயலார் துறையிலும் சென்று இறங்குகிறது. மீளாமை, ஊரறிதல் ஆகிய இரண்டும் இத்தொடரில் இணைந்துள்ளன. 'மானம் போயிற்று' என்பதில் முன்னது மட்டுமே உண்டு. ஆதலின் இவற்றை ஒருபொருள் தொடர்களாகக் கற்பித்தல் பொருந்தாது.

வினைவடிவமும் நோக்கத்தக்கது. 'குடும்ப மானம் கப்பலேறியது' என்னும் தன்வினை, பழிக்குக் காரணமானவரைச் சுட்டாது விடுகிறது. 'குடும்ப மானத்தைக் கப்பலேற்றிவிட்டான்' என்னும் பிறவினையோ அவரை முன்னிறுத்துகிறது. பிள்ளையைக் கடியும் பெற்றோர் ஆள்வது பின்னதையே. மேலும், மானம், மரியாதை போன்ற சொற்கள் எழுவாயாக நின்றால்தான் மரபுப்பொருள் கிட்டும். ஆள் எழுவாயாயின் 'கப்பலேறுதல்' பயணம் புறப்படுதலையே குறிக்கும்.

இவ்வேறுபாடு மலேசியத் தமிழாசிரியர்க்கு வெறும் இலக்கணச் செய்தியன்று. ஜொகூரின் லாபிஸ், கடற்கரையே இல்லாத சிகாமட் மாவட்டத்தில் உள்ளது. 1909இல் நிறைவுற்ற கிம்மாஸ் - ஜொகூர் பாரு இரயில் பாதையை ஒட்டி இரப்பர்த் தோட்டங்கள் பெருகின. கங்காணி முறையில் வந்தோர் நாகப்பட்டினத்திலோ சென்னையிலோ கப்பலேறியவர்கள். உதவிபெற்ற தொழிலாளர் குடியேற்றத்தை 1938இல் இந்திய அரசு தடைசெய்தது. அதன் பின்னரும் 'ரஜூலா' போன்ற கப்பல்கள் பயணிகளை ஏற்றி வந்தன. ஆகவே, இங்குள்ள மாணவன் வீட்டில் 'கப்பலேறி வந்தவர்' என்பது பாட்டனைக் குறிக்கும் சொல். 'மானம்' என்னும் எழுவாயை நீக்கி, 'கப்பலேறுதல் - அவமானப்படுதல்' என்று கரும்பலகையில் எழுதிப்போடுவது எளிது. அம்மாணவன் அதனைத் தன் குடும்பத்தோடு பொருத்திக்கொண்டால் அவனைக் குறைகூற இயலாது.

கூலிகளாகக் கப்பலேறியதே இழிவு, அதிலிருந்தே இத்தொடர் பிறந்தது என்று விளக்குவாரும் உளர். இது ஏற்புடைத்தன்று. தொடரில் ஏறுவது மானம். மனிதன் கரையிலேயே நிற்கிறான். குடியேறியோர் வரலாறோ இதற்கு நேர்மாறானது. 1906இல் சுதேசிக் கப்பல் நிறுவனம் தொடங்கிய வ.உ. சிதம்பரனாரைக் 'கப்பலோட்டிய தமிழன்' எனப் போற்றுவதும் இம்மொழியே.

வகுப்பறையில் இரு வாக்கியங்களை அருகருகே எழுதி எழுவாயை வினவலாம்: 'தாத்தா நாகப்பட்டினத்தில் கப்பலேறினார்.' 'அவன் செய்த திருட்டால் வீட்டு மானம் கப்பலேறியது.'