திரையில் முகமும் வானொலியிற் பெயரும்

1964 சனவரி முதல் நாளன்று பி.பி.சி. தொலைக்காட்சி தொடங்கிய ‘டொப் ஒவ் த பொப்ஸ்’ நிகழ்ச்சி பாடகரை மட்டுமன்றி, அரங்கிற் கூடி ஆடிய இளைஞரையும் திரையிற் காட்டியது. தம்மொத்தவரின் உடையும் சிகையும் அசைவும் இவ்வாறு வீடுதோறும் சென்றமை பிரித்தானிய வெகுசனப் பண்பாட்டை உருவாக்கிய காரணிகளுள் ஒன்றாகும்.

இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களில் இப்பணியை வானொலியே ஆற்றியது. இலங்கைக்குத் தொலைக்காட்சி வந்தது 1979இல். பல லயன்களை மின்சாரம் அதற்கும் பின்னரே எட்டியது. பற்றறியில் இயங்கிய பெட்டியொன்றைச் சூழ்ந்திருந்து பலர் பாட்டுக் கேட்டனர். இலங்கை வானொலியின் நேயர் விருப்ப நிகழ்ச்சிகளில், திரைப்பாடலுக்கு முன் அதனை விரும்பிக் கேட்டோரின் பெயரும் ஊரும் வாசிக்கப்பட்டன. அஞ்சலட்டை எழுதிய தோட்டத்து இளைஞனின் பெயர், செக்றோலில் மட்டும் கிடந்த பெயர், நாடெங்கும் கேட்டது. பாட்டினும் இப்பெயர் வாசிப்பே முதன்மையானதென நாம் கருதுகின்றோம். ஏனெனில், அதே 1964 ஒக்டோபரிற் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் மலையகத் தமிழரை வெறுந் தொகைகளாக்கி, 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. அங்கு அவர்களின் விருப்பத்தை எவரும் கேட்கவில்லை. எஞ்சிய 150,000 பேரின் கதி 1974 வரை தீர்மானிக்கப்படாதே கிடந்தது.