வாளேந்திய காஹிராவை நம் சகோதரிகள் படிக்கலாமா?

“ஹஜ்ரத், இதைப் பாருங்க. ஆலிம்களைக் கேலி செய்ற மாதிரி இருக்கு. இதைப் படிக்கலாமா, கூடாதா?”

எங்கள் மஹல்லாவில் வாராவாரம் நடக்கும் பெண்கள் தர்ஸ் முடிந்ததும், கல்லூரி மாணவி ஒருவர் தன் தாயாருடன் வந்து நின்று கைபேசியை நீட்டினார். கறுப்பு அங்கி, ஹிஜாப், கையில் வாள். கறுப்பு வெள்ளையில் வரையப்பட்ட ஒரு பெண். பெயர் காஹிரா. எகிப்திலிருந்து வந்த படக்கதை.

“பார்த்துட்டுச் சொல்றேன்மா” என்று அனுப்பி வைத்தேன். அன்றிரவே முழுவதையும் படித்துவிட்டேன். மத்ரஸாவில் ஓதிய காலத்தில் கிதாபுக்குள் இரும்புக்கை மாயாவியை ஒளித்து வைத்துப் படித்து உஸ்தாதிடம் பிடிபட்டவன் நான். படக்கதை என்றால் கை தானாக நீளும். ஆனால் இதைப் படித்தபோது மாயாவியைப் படித்த சுகம் கிடைக்கவில்லை. முதல் அத்தியாயத்திலேயே ஓர் அடி விழுந்தது. அது என்னைப் போன்றவர்கள் மீது விழுந்த அடி.

இதை உருவாக்கியவர் தீனா முஹம்மது என்ற எகிப்தியப் பெண் ஓவியர். 2013-இல் இதைத் தொடங்கியபோது அவருக்கு வயது 18. முதலில் ஆங்கிலத்தில் எழுதி இணையத்தில் வெளியிட்டார். பிறகு அரபியிலும் கொண்டுவந்தார். விரல்விட்டு எண்ணிவிடக்கூடிய அத்தியாயங்கள்தான். ஒவ்வொன்றும் சில பக்கங்களில் முடிந்துவிடும்.

சூப்பர் ஹீரோ கதைகளில் முஸ்லிம் பெண்கள் இதற்கு முன்னும் வந்திருக்கிறார்கள். அமெரிக்காவின் எக்ஸ்-மென் வரிசையில் 2002-இல் ‘டஸ்ட்’ என்றொரு பாத்திரம் அறிமுகமானது. ஆப்கானிஸ்தானைச் சேர்ந்த, முகத்தை மறைத்த பெண். மணற்புயலாக மாறும் ஆற்றல் உள்ளவள். அப்படிப்பட்டவளையே ஆள் கடத்துவோரிடமிருந்து வுல்வரின் வந்து காப்பாற்றுவதாகத்தான் கதை தொடங்குகிறது. முஸ்லிம் பெண் என்றால் யாராவது வந்து மீட்க வேண்டியவள் என்ற எண்ணம் அவ்வளவு ஆழமாகப் பதிந்திருக்கிறது! காஹிரா தொடங்கிய அதே 2013-இல் பாகிஸ்தான் தொலைக்காட்சியில் ‘புர்கா அவெஞ்சர்’ வந்தது. பேனாவையும் புத்தகத்தையும் ஆயுதமாக வைத்துப் போராடும் ஆசிரியை. நல்ல முயற்சி, குழந்தைகளுக்கானது. அடுத்த ஆண்டு மார்வெல் நிறுவனம் கமலா கான் என்ற பாகிஸ்தானிய அமெரிக்கச் சிறுமியைத் தனி நாயகியாக்கியது. அது விருதும் வாங்கியது, பின்னர் தொடராகவும் வந்தது. இந்த ஆரவாரத்தில் காஹிரா ஓரமாக ஒதுங்கிப் போனாள். அவளுக்குப் பின்னால் பெரிய நிறுவனம் எதுவும் இல்லை.

அந்த முதல் அத்தியாயம் இதுதான். ஒருவர் மற்ற ஆண்களுக்கு உபதேசம் செய்கிறார்: நல்ல மனைவி என்றால் கீழ்ப்படிபவள், தன் வீட்டுப் பெண்களை அடக்கி வைப்பது ஆணின் மார்க்கக் கடமை என்று. எங்கோ இருக்கும் காஹிராவின் காதில் இது விழுகிறது. தூரத்துச் சத்தத்தையும் கேட்கும் செவி அவளுக்குண்டு. வருகிறாள், அவரைத் தூக்கித் துணி காயப்போடும் கொடியில் மாட்டிவிட்டுப் போகிறாள்.

மாணவி ‘ஆலிம்களைக் கேலி செய்கிறது’ என்றது இதைத்தான். எனக்கும் முதலில் முகம் சுளித்தது. பிறகு யோசித்தேன். அந்த ஆள் சொன்னதில் குர்ஆன் எங்கே, ஹதீஸ் எங்கே? கணவன் மனைவி உறவை அன்பும் கருணையும் என்று சொல்லும் மார்க்கத்தை எடுத்து, அடக்குமுறைக்கு உறையாகப் போட்டிருக்கிறார். கொடியில் தொங்கியது அவருடைய இல்ம் அல்ல, அகம்பாவம். அதைப் பார்த்து நமக்குக் கோபம் வருகிறது என்றால், அந்தச் சட்டை நமக்கும் அளவாக இருக்கிறதா என்று ஒருமுறை போட்டுப் பார்த்துக்கொள்வது நல்லது.

இன்னொரு விஷயம் எனக்குப் பிடித்திருந்தது. வாளை விட, அந்தச் செவி. குர்ஆனின் 58-ஆம் அத்தியாயம், தன் கணவரைப் பற்றி முறையிட வந்த ஒரு பெண்ணின் வாதத்தை அல்லாஹ் கேட்டுக்கொண்டான் என்றே தொடங்குகிறது. கவ்லா பின்த் ஸஅலபா (ரலி) அவர்கள்தான் அந்தப் பெண். அதே வீட்டில் இருந்த தனக்கே அவர் பேசியதில் சில சொற்கள் காதில் விழவில்லை, ஏழு வானங்களுக்கு மேலே அல்லாஹ் கேட்டான் என்று அன்னை ஆயிஷா (ரலி) வியந்ததாக அறிவிப்பு உண்டு. பெண்ணின் குரல் கேட்கப்பட வேண்டும் என்பது நமக்கு வெளியிலிருந்து வந்த கருத்தல்ல.

முதல் அத்தியாயத்தோடு நிறுத்தியவர்கள் காஹிராவைத் தவறாகப் புரிந்துகொள்வார்கள். அடுத்து அவள் மோதுவது ஃபெமன் இயக்கத்தோடு. உக்ரைனில் 2008-இல் தொடங்கிய, மேலாடையின்றிப் போராடும் பெண்கள் அமைப்பு அது. 2013 ஏப்ரலில் முஸ்லிம் பெண்களை ‘விடுதலை’ செய்வதாகச் சொல்லி ஐரோப்பிய நகரங்களில் பள்ளிவாசல்கள், தூதரகங்கள் முன்னால் ஆர்ப்பாட்டம் செய்தார்கள். எங்களுக்காகப் பேச உங்களை யார் அழைத்தது என்று முஸ்லிம் சகோதரிகள் பலர் சமூக ஊடகங்களில் பதில் கொடுத்தார்கள். காஹிரா சொல்வதும் ஏறக்குறைய அதையேதான், கொஞ்சம் முரட்டுத்தனமாக. ஹிஜாப் அணிந்தவளைப் பார்த்ததும் பாவப்பட்டவள் என்று முடிவு கட்டுவதும், அவளை அடக்கி வைக்கச் சொல்வதும் அவளுக்கு ஒன்றுதான். இருவருமே அவளிடம் எதுவும் கேட்பதில்லை.

இதனாலேயே இந்தப் படக்கதைக்கு இரு பக்கமும் ஆதரவு குறைந்தது என்பது என் கணிப்பு. இங்குள்ளவர்கள் முதல் அத்தியாயத்தில் முகம் திருப்பிக்கொள்வார்கள், அங்குள்ளவர்கள் இரண்டாவதில்.

நான் அதிகம் பேச விரும்புவது தெருவில் நடக்கும் பாலியல் சீண்டலைப் பற்றிய அத்தியாயத்தை. இதன் கனம் தெரிய வேண்டுமென்றால் அன்றைய எகிப்தைக் கொஞ்சம் அறிந்திருக்க வேண்டும். 2013-இல் ஐ.நா. பெண்கள் அமைப்பு வெளியிட்ட ஆய்வில், விசாரிக்கப்பட்ட எகிப்தியப் பெண்களில் 99.3 சதவீதம் பேர் ஏதாவது ஒரு வகைச் சீண்டலைச் சந்தித்ததாகச் சொன்னார்கள். தஹ்ரீர் சதுக்கத்தின் கூட்ட நெரிசலில் பெண்கள் சூழ்ந்துகொள்ளப்பட்டுத் தாக்கப்பட்டார்கள். அந்த ஆண்டு பிப்ரவரியில் அந்நாட்டு ஷூரா சபையின் மனித உரிமைக் குழுவில் இருந்த சிலர், இதற்கு அந்த இடத்துக்குப் போன பெண்களும் பொறுப்பு என்று பேசினார்கள். மனித உரிமைக் குழு என்பதைக் கவனியுங்கள். சீண்டலைத் தெளிவாகக் குற்றமாக வரையறுத்த சட்டத் திருத்தம் 2014 ஜூனில்தான் வந்தது.

இந்தச் சூழலில்தான் அந்த அத்தியாயம் வருகிறது. தெருவில் சீண்டப்பட்ட பெண் முறையிடுகிறாள். கேள்வி அவளை நோக்கியே திரும்புகிறது. காஹிரா வந்து சீண்டியவனைப் பிடிக்கிறாள். ஆனால் கதை அந்த வெற்றியில் தங்கவில்லை. காஹிராவும் அந்தத் தெருவில் நடந்து போகிறவள்தானே? முழுமையாக மூடிய உடையில் இருக்கும் அவளும் தப்புவதில்லை.

இங்கேதான் நான் புத்தகத்தை மூடிவிட்டு, அதாவது கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஜும்ஆ பயானில் நானே சொல்லியிருக்கிறேன்: “நம் பெண்கள் ஹிஜாபைப் பேணினால் தெருவில் ஒருவனும் ஏறிட்டுப் பார்க்க மாட்டான்.” நல்லெண்ணத்தில்தான் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்த ஆண்கள் தலையாட்டினார்கள். மேல் மாடியில் இருந்த பெண்கள் என்ன நினைத்தார்கள் என்று எனக்குத் தெரியவில்லை, நான் கேட்கவும் இல்லை. எகிப்தில் முஸ்லிம் பெண்களில் பெரும்பாலோர் தலையை மூடுகிறவர்கள். அந்த 99.3-க்குள் அவர்களும்தான் இருக்கிறார்கள். நான் சொன்னது உண்மையென்றால் இந்த எண் எப்படி வந்தது?

ஹிஜாப் அல்லாஹ்வின் கட்டளை. அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அதைத் தெருப் பொறுக்கிக்கான காப்பீடாக நாம் விற்கும்போது, சீண்டப்பட்ட ஒவ்வொரு பெண்ணிடமும் ‘உன் ஹிஜாபில் என்ன குறை’ என்று கேட்கும் வழியைத் திறந்துவிடுகிறோம். அந்நூர் அத்தியாயத்தில் பார்வையைத் தாழ்த்தும் கட்டளை முதலில் ஆண்களுக்குத்தான் வருகிறது, 30-ஆம் வசனம். பெண்களுக்கான கட்டளை அதற்கு அடுத்தது. நமது பயான்களில் இந்த வரிசை எப்போது மாறிப்போனது?

புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவான ஒரு சம்பவம் ஆலிம்கள் அனைவருக்கும் தெரியும். இறுதி ஹஜ்ஜின்போது கஸ்அம் குலத்துப் பெண் ஒருவர் நபி (ஸல்) அவர்களிடம் வந்து, வாகனத்தில் உட்கார முடியாத முதிய தந்தைக்காகத் தான் ஹஜ் செய்யலாமா என்று கேட்கிறார். நபியவர்களுக்குப் பின்னால் ஒட்டகத்தில் அமர்ந்திருந்த இளைஞர் ஃபழ்ல் இப்னு அப்பாஸ் (ரலி) அந்தப் பெண்ணையே பார்க்கிறார். நபியவர்கள் என்ன செய்தார்கள்? கையால் ஃபழ்லின் முகத்தை மறுபக்கம் திருப்பினார்கள். பெண்ணுக்குப் பதில் சொன்னார்கள். அவரைப் போகச் சொல்லவில்லை. கேள்வியை ஒத்திப்போடச் சொல்லவில்லை. பார்த்தவரின் முகம்தான் திரும்பியது. காஹிராவின் அந்த அத்தியாயம் வாளை வைத்துச் சொல்வதை இந்த ஹதீஸ் ஒரு கையசைவில் சொல்லிவிடுகிறது.

ஆட்சேபங்களும் உண்டு. பெயரைப் பற்றி ஒருவர் கேட்டார்: அல்காஹிர், அல்கஹ்ஹார் என்பவை அல்லாஹ்வின் திருநாமங்கள் ஆயிற்றே, ஒரு கற்பனைப் பெண்ணுக்கு இந்தப் பெயரா? குவைத்தின் ‘தி 99’ படக்கதைக்கு எதிராக 2014-இல் சவூதி உலமாக்கள் ஃபத்வா கொடுத்தது இதுபோன்ற காரணத்துக்காகத்தான். ஆனால் அங்கே பாத்திரங்கள் திருநாமங்களின் பண்புகளையே அடிப்படையாகக் கொண்டவை. இங்கே காஹிரா என்பது முதலில் ஓர் ஊர்ப் பெயர். நாம் கெய்ரோ என்று அழைக்கும் நகரம் அரபியில் அல்காஹிராதான். வெற்றி கொள்பவள் என்று பொருள். ஃபாத்திமிய்யாக்கள் 969-இல் நிறுவிய நகரம் அது. அல்அஸ்ஹர் இருப்பதும் அதே காஹிராவில்தான். அதன் பெயரை மாற்றச் சொல்லி யாரும் மனு கொடுத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. அதோடு, இதே வேர்ச்சொல்லை வைத்துத்தான் 93-ஆம் அத்தியாயத்தில் அநாதையை அடக்கி ஒடுக்க வேண்டாம் என்று தடை வருகிறது. ‘கஹ்ர்’ என்பது எளியவர் மீது பாய்ந்தால் பாவம். அந்தச் சொல்லைத் தீனா முஹம்மது அடக்குபவர் பக்கம் திருப்பியிருக்கிறார்.

உருவம் வரைவது பற்றி உலமாக்களிடையே உள்ள கருத்து வேறுபாடு நீண்டது, இங்கே விரிக்கவில்லை. அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் விளையாட்டுப் பொம்மைகளையும் அவற்றில் இருந்த இறக்கை வைத்த குதிரையையும் பற்றிய அறிவிப்புகளைத் தெரிந்தவர்கள், இதில் இறுக்கமாகப் பேசும் முன் ஒரு கணம் யோசிப்பார்கள்.

வன்முறை குறித்த ஆட்சேபம் நியாயமானது. தவறு செய்தவனைத் தானே பிடித்துக் கட்டி வைக்கும் உரிமை தனிமனிதருக்கு மார்க்கத்தில் இல்லை, அது ஆட்சியாளரின் பொறுப்பு. இதை மாணவியிடமும் சொன்னேன். ஆனால் முறையிடப் போன இடத்தில் நீதி கிடைக்காத நாட்டில், ஒரு 18 வயதுப் பெண் தாளில் வரைந்த வாளுக்கு எந்த அளவு ஃபிக்ஹ் பார்ப்பது?

படக்கதையாகவும் இதில் குறைகள் உண்டு. சித்திரங்கள் தொடக்கத்தில் பக்குவப்படவில்லை. எதிரிகள் ஒரு கருத்துக்குத் தலை முளைத்ததுபோல் வந்து போகிறார்கள், அவர்களுக்கென்று வாழ்க்கை இல்லை. சில இடங்களில் பயான் போலவே இருக்கிறது. பயான் செய்பவனாகிய நான் சொல்கிறேன், நம்பலாம். தீனாவே இதை உணர்ந்திருப்பார் போலும். பின்னர் அவர் படைத்த ‘ஷுபைக் லுபைக்’ மூன்று பாகமும் எவ்வளவோ மேலானது. ஆசைகளைப் புட்டியில் அடைத்துப் பெட்டிக்கடையில் விற்கும் கெய்ரோவைப் பற்றிய கதை அது. 2017-இல் கெய்ரோ காமிக்ஸ் விழாவில் அதன் முதல் பாகம் பெரும் பரிசைப் பெற்றது. அதில் வரும் கடைக்காரர் ஷுக்ரி தொழுகையாளி. இந்த ஆசைகளைப் பயன்படுத்துவது ஹராம் என்று நம்பி, விலைமதிப்பில்லாத மூன்று புட்டிகளை வைத்துக்கொண்டு அவர் படும் பாட்டைப் படித்தால், ஒரு முஸ்லிமின் மனச்சாட்சியை இவ்வளவு கரிசனத்தோடு எழுத முடியுமா என்று தோன்றும். கேலி செய்ய நினைப்பவரால் ஷுக்ரியை எழுதியிருக்க முடியாது. அதற்குப் பாராட்டுகள் வந்தன. காஹிரா இளவயது முயற்சி என்ற அளவில் மறக்கப்படுகிறாள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஷுக்ரியைப் படிக்கும்போது மனம் கனிகிறது. காஹிராவைப் படிக்கும்போது கூச வேண்டியவருக்குக் கூசுகிறது. இரண்டும் வேண்டும்.

அடுத்த வாரம் மாணவியிடம், “படிங்கம்மா. ஆலிம்களைக் கேலி செய்யல, ஒரு ஆளைத்தான் செய்திருக்காங்க” என்றேன். சிரித்தார். அவருடைய தாயார்தான் சற்றுத் தயங்கிவிட்டுக் கேட்டார்: “ஹஜ்ரத், அந்தத் தெரு விஷயத்தை ஜும்ஆவில் ஆம்பளைங்க கிட்டயும் சொல்வீங்களா? எங்ககிட்ட எத்தனையோ தடவை சொல்லியாச்சே.”

வரும் வெள்ளிக்கிழமைக்கான தலைப்பை நிர்வாகத்திடம் கொடுத்துவிட்டேன்: அந்நூர், 30-ஆம் வசனம்.