தலையில் விளக்கு வைத்த மீன்

“அண்ணே, இது இன்னா மீனு?”

பக்கத்து வீட்டுப் பையன். கையில் கழுத்தறுத்த கூல்டிரிங்ஸ் பாட்டில். உள்ளே கலங்கல் தண்ணீரும் ஏழெட்டுப் பொடி மீன்களும். திருவொற்றியூரில் மழைத் தண்ணீர் தேங்கிய ஒரு பள்ளத்தில் கொசுவலைத் துண்டால் அள்ளியிருக்கிறான். தொட்டியில் போட்டு வளர்க்கப் போகிறானாம். அதற்கு முன் பெயர் தெரிய வேண்டும்.

ராயபுரத்துக்காரனுக்கு மீன் பெயரா தெரியாது? காசிமேட்டில் கூடையை எட்டிப் பார்த்தாலே வஞ்சிரம், சங்கரா, காரப்பொடி, நெத்திலி என்று வரிசையாகச் சொல்லிவிடுவோம். ஆனால் குழம்புக்கு ஆகாத மீனுக்கு நம் ஊரில் பெயர் கிடைப்பது கஷ்டம். அரை விரல் நீளத்துக்கு எது நீந்தினாலும் அது ‘கப்பி’. இந்தப் பாட்டிலில் இருந்தவற்றில் ஒன்றுகூடக் கப்பி இல்லை.

முதலில் பாட்டிலை மாற்றினோம். வளைந்த பாட்டில் மீனின் உருவத்தை இழுத்துக் காட்டும். தட்டையான நான்கு பக்கக் கண்ணாடித் தொட்டியில் தெளிந்த தண்ணீர் விட்டு, பின்னால் ஒரு வெள்ளைத் தாளைச் செருகி, பத்து நிமிடம் சும்மா இருந்தோம். மீன் பயம் தெளிந்து துடுப்பை விரித்தால்தான் பார்க்கவேண்டியதைப் பார்க்க முடியும்.

எல்லாம் ஒரே ஜாடை. தட்டையான முதுகு, மேல்நோக்கித் திறந்த வாய், நீர்ப்பரப்பை ஒட்டியே நீச்சல். ஆனால் இது ரத்த உறவால் மட்டும் வந்த ஒற்றுமை அல்ல, பிழைப்பாலும் வந்தது. துறைமுகத்தில் காக்கி போட்டவர்கள் எல்லோரும் அண்ணன் தம்பிகளா என்ன? அழுகிய பள்ளத்துத் தண்ணீரில் ஆக்சிஜன் குறைவு. காற்றைத் தொடும் மேல்படலத்தில் மட்டும் கொஞ்சம் இருக்கும். அந்த மெல்லிய படலத்து நீரை உறிஞ்சிச் செவுளுக்கு அனுப்பத் தோதானது இந்தத் தட்டைத் தலையும் மேல்வாயும். கொசுப்புழுவும் அங்கேதான் தொங்குகிறது. இந்த வேலைக்கு வந்த மீன்கள் எல்லாம் இந்த உருவத்துக்கு வந்து சேர்ந்திருக்கின்றன.

நிறத்தையும் நம்ப முடியாது. ஆண், பெண், வயது, பயம், தொட்டியின் வெளிச்சம் எல்லாமே நிறத்தை மாற்றும். வியாபாரியும் மாற்றுவார். நம் நாட்டுக் கண்ணாடி மீனின் உடம்பில் ஊசியால் சாயம் ஏற்றிப் புது மீன்போல உலகமெங்கும் விற்றதுண்டு. பெயர் தேடுகிறவர் முதலில் துடுப்பைத்தான் பார்க்கவேண்டும்.

தொட்டியில் இரண்டு மீன்களுக்கு வயிற்றின் பின்பக்கம் கருத்த திட்டு. அடிவயிற்றுத் துடுப்பு குட்டையானது. அவற்றோடு வந்த ஒல்லி மீனுக்கோ அந்தத் துடுப்பு குச்சிபோல் நீண்டிருந்தது. பையன் குச்சியைப் பார்த்து முள் என்றான். அது முள் அல்ல, ஆணின் இனப்பெருக்க உறுப்பு. முட்டையிடாமல் குட்டி போடும் காம்பூசியா இது, வட அமெரிக்க மீன். மலேரியாக் கொசுவை ஒழிக்க 1928இல் இத்தாலி வழியாக இந்தியாவுக்கு வந்தது. இந்தக் கொசு மீனிலும் அஃபினிஸ், ஹோல்புரூக்கி என்று இரண்டு உண்டு. முதுகுத் துடுப்பில் ஒரு கதிர் கூடக் குறைய இருக்கும், ஆணின் குச்சியில் பற்கள் இருக்கும் அல்லது இருக்காது, அவ்வளவுதான் வித்தியாசம். ஒரே மீனின் இரு வகைகளாகக் கருதப்பட்ட இவற்றைத் தனித்தனிச் சிற்றினங்கள் என்று 1988இல்தான் பிரித்தார்கள்.

எனக்கு இதில் ஓர் ஆதங்கம் உண்டு. கொசுப்புழு தின்னும் இந்திய மீன்களைப் பற்றி ஸீவெல், சௌத்ரி இருவரும் கல்கத்தாவின் இந்திய அருங்காட்சியகத்திலிருந்து 1912லேயே ஒரு நூல் வெளியிட்டிருந்தார்கள். உள்ளூரில் ஆள் இருக்கும்போதே வெளியூரிலிருந்து ஆள் கூட்டிவந்தோம். வந்தது கொசுப்புழுவோடு நிற்கவில்லை. உள்ளூர் மீனின் குஞ்சையும் தின்றது.

அடுத்தது கண்ணாடி போன்ற உடம்பும் பெரிய கண்ணும் கொண்ட மீன். எலும்பு வெளியே தெரிகிறது. அடித்துடுப்பு வயிற்றில் தொடங்கி வால்வரை நீள்கிறது. ஒன்றின் அடியில் திராட்சைக் கொத்துபோல் முட்டைகள் தொங்கிக்கொண்டிருந்தன. மெல்லிய இழைகளால் உடம்போடு ஒட்டிய முட்டைகளைச் சுமந்து திரிந்து, பிறகு செடியில் தேய்த்துவிடும் தாய். நெல்வயல் மீன் என்று பொருள்படும் ஒரைஸியாஸ் பேரினம். ஜப்பானியர் ‘மெடாகா’ என்று செல்லமாக வளர்ப்பது இதன் உறவு. 1994இல் கொலம்பியா விண்கலத்தில் நான்கு மெடாகாக்கள் போய், விண்வெளியில் இணைசேர்ந்து முட்டையிட்டன. முதுகெலும்புள்ள வேறெந்த உயிரும் அதற்கு முன் அங்கே அதைச் செய்ததில்லை. நம் கடற்கரையில் வாழும் ஒரைஸியாஸ்களில் உப்புத் தண்ணீரைத் தாங்குபவை உண்டு. எண்ணூர்க் கழிமுகம், பக்கிங்காம் கால்வாய் மாதிரி இடங்கள் அவற்றுக்குத் தோது.

இதன் நெருங்கிய ரத்த உறவு யார் தெரியுமா? தொட்டியில் இருந்த மற்ற இரண்டு வகை மீன்களும் இல்லை. எலும்புகளை ஒப்பிட்ட ரோசனும் பரென்டியும் 1981இல் இதைக் கோலா, முரல் வரிசையில் கொண்டுபோய் வைத்தார்கள். பள்ளத்தில் கிடந்த பொடி மீன், வங்கக் கடலில் பறக்கும் கோலாவுக்கு ஒன்றுவிட்ட தம்பி! இதைச் சொன்னதும் பையனின் பாட்டி, “கோலாவா? இதுவா?” என்று தொட்டியைக் குனிந்து பார்த்துவிட்டுப் போனார்.

மூன்றாவதுதான் பையன் ஆசைப்பட்ட மீன். மேலிருந்து பார்த்தால் உச்சந்தலையில் ஒரு வெள்ளிப் பொட்டு மின்னும். “தலையில லைட்டு போட்ட மீனு” என்றான். மலையாளத்தில் இந்தக் கூட்டத்துக்கு மானத்துக்கண்ணி என்று பெயர், வானத்தைப் பார்க்கும் கண்ணுடையவள். அப்லோகைலஸ் பேரினம் என்று அந்தப் பொட்டைக் கண்டதுமே சொல்லிவிடலாம். சிக்கல் அதற்குப் பிறகு, எந்தச் சிற்றினம் என்பதில். லைனேட்டஸ் 10 செ.மீ. வரை வளரும் பெரிய மீன், அது இல்லை. நம் பக்கம் மிச்சம் இருப்பவை பான்சாக்ஸ், பிளாக்கியை, பார்வஸ்.

பெயர்களிலேயே கதை இருக்கிறது. கங்கை மீன்களைப் பற்றி எழுதிய ஹாமில்டன் 1822இல் வங்காளிகள் சொன்ன பெயரையே லத்தீனாக்கி ‘பான்சாக்ஸ்’ என்றார். பிளாக்கியை கப்பலேறிய மீன். அதைக் கொண்டுபோன கப்பல் தலைவர் பிளாக்கின் பெயரை, ஜெர்மனியின் மீன் வளர்ப்பாளர் ஆர்னால்ட் 1911இல் அதற்கு வைத்தார். பார்வஸ் என்றால் சிறியது. அதற்குப் பெயரிட்டவர் சுந்தர ராஜ், பின்னாளில் சென்னை மாகாண மீன்வளத் துறையின் இயக்குநரானவர். 1916இல் அவர் எழுதிய கட்டுரையின் பொருளே சென்னையின் நன்னீர் மீன்கள்தான். பிறகு வந்தவர்கள் பார்வஸையும் பிளாக்கியையையும் ஒன்றாகவே பாவித்துப் பல காலம் குழப்பினார்கள். குழப்பம் இன்னும் முழுதாகத் தீர்ந்த பாடில்லை. 2018இல்கூட, பான்சாக்ஸ் என்று நினைத்திருந்த அந்தமான் மீன் தனிச் சிற்றினம் என்று காட்டினார்கள்.

இங்கேதான் அந்தப் பள்ளம் முக்கியமாகிறது. ஊர் தெரியாத மீனுக்குப் பெயர் வைப்பது எவ்வளவு ஆபத்து என்பதற்குக் கேரளத்துக் கரிமீனே சாட்சி. இந்தியாவுக்கே வராத பெர்லின்காரர் பிளோக், தனக்கு வந்த மீன் சூரத்தைச் சேர்ந்தது என்று எண்ணி 1790இல் ‘சூரடென்சிஸ்’ என்று எழுதிவிட்டார். அது தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வாழும் மீன். சூரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, ஆனாலும் உயிரினங்களுக்குப் பெயரிடும் விதிப்படி அந்தப் பெயரை மாற்ற முடியாது.

மரபணுவைப் பார்த்தால் தீராதா என்பார்கள். 2003 முதல் புழக்கத்தில் உள்ள ‘டிஎன்ஏ பார்கோடு’ முறையில் ஒரு மரபணுவின் ஏறத்தாழ 650 எழுத்துகளைப் படித்து ஒப்பிடுகிறார்கள். எதனோடு ஒப்பிடுவது? இடமும் பெயரும் சரியாக எழுதிவைத்த மீனோடுதான். ஒப்பிட வைத்த மீனின் சீட்டு தப்பென்றால் 650 எழுத்தும் தப்பான ஆளைத்தான் காட்டும்.

பையனின் மீன் சென்னை மண்ணில் பிடித்தது, சின்னது. பார்வஸ் என்று பென்சிலால் எழுதிவைத்தோம். பேனாவால் எழுதவேண்டும் என்றால் செத்த மீன் ஒன்றைச் சாராயத்தில் போட்டு, செதிலையும் கதிரையும் பூதக்கண்ணாடியில் எண்ணவேண்டும்.

உங்கள் தெருவிலும் இப்படி ஒரு மீன் கிடைத்தால், பக்கவாட்டில் ஒரு படம், மேலிருந்து ஒரு படம், கூடவே ஓர் அளவுகோல்; பிடித்த இடம், தேதி, தண்ணீர் உப்பா நன்னீரா என்று எழுதிவையுங்கள். சாந்தோம் நெடுஞ்சாலையில் இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் அலுவலகம் இருக்கிறது, அங்கே கேட்கலாம். கொளத்தூர்க் கடையில் வாங்கிய மீன் அலுத்துப்போனால் கடைக்கே திருப்பிக் கொடுங்கள். கால்வாயில் மட்டும் ஊற்றிவிடாதீர்கள். எண்ணூரில் காக்கா ஆழி என்னும் தென் அமெரிக்கச் சிப்பி மண்டி, மீனவர் வலையும் இறாலும் படும் பாடு போதும்.