ஒரே நோய், வேறு வேறு சிகிச்சை ஏன்?



அடுத்தடுத்த கட்டில்களில் இரண்டு பிள்ளைகள். இருவருக்கும் இரத்தப் புற்றுநோய்தான். ஆனால் ஒருவருக்குக் கடுமையான மருந்து, மற்றவருக்குச் சற்று இலேசானது. "நம் பிள்ளைக்கு மட்டும் ஏன் இப்படி?" என்று உம்மாமார் கலங்குவதுண்டு. விடை, நோயுற்ற கலங்களுக்குள் இருக்கிறது.

ஒருவரது உடற் கலங்களில் பெரும்பாலும் ஒரே பரம்பரையலகுகளே உள்ளன. ஆனால் எல்லாம் எங்கும் வேலை செய்வதில்லை. மத்ரஸாவில் எல்லோர் கையிலும் ஒரே கிதாபு இருந்தாலும் ஒவ்வொரு வகுப்பும் வேறு பாடத்தைத் திறந்து ஓதுவதில்லையா? அதுபோலத்தான். என்பு மச்சையில் உருவாகும் கலமொன்றில் பிழை நேர்ந்தால், அடங்கியிருக்க வேண்டிய பரம்பரையலகுகள் விழித்துக்கொள்கின்றன. விழித்திருக்க வேண்டியவை உறங்கிவிடுகின்றன. கலம் முதிராமலே பெருகுகிறது.

1999ஆம் ஆண்டு அமெரிக்க விஞ்ஞானி டொட் கோலப் குழுவினர் 38 நோயாளரின் என்பு மச்சையில் 6,817 பரம்பரையலகுகளின் செயற்பாட்டை ஆராய்ந்தனர். அவற்றுள் 50ஐக் கொண்டே இருவகை இரத்தப் புற்றுநோய்களைப் பிரித்தறியலாம் எனக் காட்டினர். 2002இல் மெம்பிஸ் நகரின் சென்ட் ஜூட் சிறுவர் வைத்தியசாலை ஆய்வாளர்கள் 360 பிள்ளைகளின் கலங்களைச் சோதித்தனர். சிறுவரில் அதிகம் காணப்படும் ஒரு வகைக்குள்ளேயே பல உப வகைகள் இருப்பதும், ஒவ்வொன்றிலும் விழித்திருக்கும் பரம்பரையலகுகள் வேறுபடுவதும் தெளிவாகின.

சில உப வகைகள் மருந்துக்கு எளிதில் கட்டுப்படும். பிலடெல்பியா நிறமூர்த்தம் உள்ள வகையோ முன்பு மிகவும் அஞ்சப்பட்டது. இமாட்டினிப் போன்ற மருந்துகள் சேர்ந்தபின் அதிலும் நம்பிக்கை பிறந்துள்ளது. சென்ட் ஜூட் 1962இல் திறக்கப்பட்டபோது இந்நோயில் பிழைத்தவர் 100க்கு 4 பேரளவில்தான். இன்று வசதிமிக்க நாடுகளில் ஏறத்தாழ 90 பேர் பிழைக்கின்றனர்.

பெற்றோரே, மூன்று விடயங்களை மனதில் வையுங்கள். பெயரில் 'பரம்பரை' இருப்பதால் இது உங்கள் வழியாக வந்த நோய் என்று எண்ணாதீர்கள்; பெரும்பாலும் அப்படியல்ல. தாயைக் குறை சொல்வது அநியாயம். அடுத்த பிள்ளையின் மருந்தோடு ஒப்பிட்டுக் குழம்பாதீர்கள்; "என் பிள்ளைக்கு எந்த வகை?" என்று வைத்தியரிடமே கேளுங்கள். சில வாரங்களில் இரத்தம் தெளிந்துவிட்டதென்று சிகிச்சையை நிறுத்திவிடாதீர்கள். மறைந்திருக்கும் கலங்கள் மீண்டும் தலைதூக்கும். இரண்டு மூன்று வருடங்கள் பொறுமை வேண்டும்.

மருத்துவம் செய்துகொள்ளுமாறு நமக்கு வழிகாட்டியவர்கள் நபி (ஸல்) அவர்கள். துஆவும் மருந்தும் ஒன்றுக்கொன்று எதிரியல்ல. இரண்டையும் இறுதிவரை கைவிடாதீர்கள். ஷிபா அளிப்பவன் அல்லாஹ் ஒருவனே.