நூறு விளக்கு எரிந்தால் எதைப் பார்ப்பது?

கடலூர் முதுநகரில் துறைமுகம் இருக்கிறது. வானம் அமைதியாக இருக்கும் நாளில் அங்கே புயல் கூண்டு ஏறாது. கொடிக் கம்பம் வெறுமையாக இருக்கும். பயப்பட ஒன்றும் இல்லை என்பதே அதற்குப் பொருள்.

வங்கக் கடலில் புயல் சின்னம் தோன்றினால்தான் கூண்டு ஏறும். பகலில் கூம்பும் உருளையுமான அடையாளங்கள். இரவில் சிவப்பு, வெள்ளை விளக்குகள். 1-ம் எண் என்றால் புயல் தூரத்தில் இருக்கிறது. 10-ம் எண் என்றால் பேரபாயம்! இந்தியத் துறைமுகங்கள் எல்லாவற்றுக்கும் பொதுவான எச்சரிக்கை முறை 1898-ம் ஆண்டு வந்தது.

வேண்டும்போது தோன்றும், வேண்டாதபோது மறைந்திருக்கும். கூண்டின் சிறப்பு இதுதான். இந்தப் பாடம் இப்போது நம் வீட்டுக்கும் தேவைப்படுகிறது. எப்படி என்று பார்ப்போம்.

செல்போனுக்குள் ஒரு வீடு

'ஸ்மார்ட் வீடு' என்ற சொல்லை இன்று பலரும் கேட்டிருப்பார்கள். விளக்கு, மின்விசிறி, தண்ணீர் மோட்டார், வாசல் கேமரா, இன்வெர்ட்டர் எல்லாவற்றையும் செல்போனிலிருந்தே இயக்கும் வீடு அது. எந்தக் கருவி ஓடுகிறது, எது நின்றிருக்கிறது என்று ஒரே திரையில் காட்டும் பலகைக்கு 'டாஷ்போர்டு' என்று பெயர்.

முதலில் நான்கு பொத்தான்கள் இருக்கும். நாளாக ஆக நாற்பதாகிவிடும்! கூடத்து விளக்கைப் போடவேண்டிய பாட்டி, எந்தப் பொத்தான் என்று தெரியாமல் பேரனைக் கூப்பிடுவார். வசதிக்காக வாங்கிய பொருள் தலைவலியாகிவிடும்.

தலைவலியோடு போனால் பரவாயில்லை. ஆபத்தும் உண்டு.

அமெரிக்காவில் நடந்தது

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் திரீ மைல் ஐலண்டு என்ற அணுமின் நிலையம் இருந்தது. 1979-ம் ஆண்டு மார்ச் 28-ந் தேதி விடியற்காலையில் அங்கே ஒரு வால்வு திறந்தபடியே சிக்கிக்கொண்டது. தொடக்கத்திலேயே 100-க்கும் மேற்பட்ட அபாய அறிவிப்புகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்தன. எது முக்கியம், எது சாதாரணம் என்று பிரித்துப் பார்க்க ஊழியர்களால் முடியவில்லை.

இன்னொரு விபரீதமும் நேர்ந்தது. வால்வு மூடிவிட்டது என்று எண்ணும்படி விளக்கு இருந்தது. உண்மையில் 'மூடு' என்ற உத்தரவு போனதைத்தான் அந்த விளக்கு காட்டியது. வால்வு மூடவே இல்லை! நிலைமையைத் தவறாகப் புரிந்துகொண்ட ஊழியர்கள், உலையைக் குளிர்விக்கும் தண்ணீரைக் குறைத்துவிட்டார்கள். உலையின் ஒரு பகுதி உருகிப்போயிற்று.

செய்தி குறைந்தாலும் ஆபத்து. அளவுக்கு மீறினாலும் ஆபத்து.

மூன்றாகப் பிரியுங்கள்

சிதம்பரம் நடராசர் கோயிலில் ஆறு காலப் பூசை நடக்கிறது. பூசை வேளையில் மணி ஒலிப்பதால்தான் அதற்கு மதிப்பு. நாள் முழுவதும் அடித்துக்கொண்டே இருந்தால் யார் திரும்பிப் பார்ப்பார்கள்? வீட்டுத் திரைக்கும் இதே நியாயம்தான். அதில் உள்ளவற்றை மூன்றாகப் பிரிக்கவேண்டும்.

முதலாவது, தானே நடக்கவேண்டியவை. சிதம்பரத்தில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். மேல் தொட்டி காலியானால் மோட்டார் ஓடவேண்டும். ஆனால் கீழ்த் தொட்டியில் தண்ணீர் இருந்தால்தான் ஓடவேண்டும். இல்லாவிட்டால் மோட்டார் கெட்டுப்போகும். இதைக் கருவியே பார்த்துக்கொள்ளும்படி செய்யலாம். எப்போது, எந்த நிலையில், என்ன செய்ய என்ற மூன்று கேள்விக்கும் விடை சொல்லி வைத்தால் போதும். பிறகு அந்தப் பொத்தானுக்குத் திரையில் இடம் வேண்டாம்.

இரண்டாவது, வேளை வந்தால் மட்டும் தெரியவேண்டியவை. மின்சாரம் நின்றால் இன்வெர்ட்டரில் எவ்வளவு மிச்சம் என்று தெரியட்டும். மின்சாரம் இருக்கும்போது அது எதற்கு? வாசலில் ஆள் நின்றால் கேமராப் படம் வரட்டும். 2013-ல் தொடங்கிய 'ஹோம் அசிஸ்டன்ட்' என்ற இலவச மென்பொருளில், இன்ன நிலையில் இதைக் காட்டு, மற்ற வேளையில் மறைத்துவை என்று சொல்லும் வசதி இருக்கிறது.

மூன்றாவது, எப்போதும் கண்ணில் படவேண்டியவை. இவை நாலைந்துக்கு மேல் போகக்கூடாது.

இதில் கவனம் தேவை!

எல்லாவற்றையும் கருவியிடம் விட்டுவிடலாமா? கூடாது. சமையல் வாயு கசிந்தால் மின்விசிறி தானே சுழலட்டும் என்று சிலர் நினைக்கக்கூடும். அது பேராபத்து! சுவிட்சில் எழும் சிறு பொறியே தீப்பிடிக்கப் போதும். வாயு கசிந்தால் எந்தச் சுவிட்சையும் தொடக்கூடாது. ரெகுலேட்டரை மூடி, சன்னல் கதவைத் திறந்து, வெளியே வந்து 1906 என்ற எண்ணுக்குப் போன் செய்யவேண்டும். அந்த வாயு காற்றைவிடக் கனமானது, தரையோரம் தங்கும். அதனால் கசிவு உணரும் கருவியைத் தரைக்கு அருகிலேயே வைக்கவேண்டும். அதன் வேலை எச்சரிப்பது மட்டுமே.

மோட்டார் 'ஓடுகிறது' என்று திரை சொன்னால், உத்தரவு போனதைச் சொல்கிறதா, தண்ணீர் ஏறுவதைச் சொல்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அமெரிக்க விளக்கு செய்த தவறு நம் வீட்டில் நடக்கக்கூடாது.

11-ம் எண் கூண்டு

2011-ம் ஆண்டு டிசம்பர் 30-ந் தேதி 'தானே' புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரை கடந்தது. மின்கம்பங்கள் சாய்ந்தன. பல ஊர்கள் நாள்கணக்கில் இருளில் கிடந்தன. அப்படிப்பட்ட நாளில் இணையமும் இராது, செல்போனும் பேசாது. கையால் போடும் சாதாரண சுவிட்ச்தான் கைகொடுக்கும். அதைச் சுவரிலிருந்து எடுத்துவிடாதீர்கள்!

இங்கே ஒரு சந்தேகம் எழலாம். ஆபத்து இல்லாதபோது திரை வெறுமையாக இருக்கும் என்றால், கருவி கெட்டுப்போய் வெறுமையாக இருந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது?

துறைமுகத்தில் அதற்கும் வழி வைத்திருக்கிறார்கள். அதுதான் 11-ம் எண் கூண்டு. வானிலை நிலையத்தோடு தொடர்பு அற்றுவிட்டது, மோசமான வானிலை வரக்கூடும் என்று துறைமுக அதிகாரி கருதுகிறார் என்பது அதன் பொருள். செய்தி வரவில்லை என்பதையே ஒரு செய்தியாக ஊருக்குச் சொல்லிவிடுகிறார்கள்!

வீட்டுத் திரையிலும் அப்படி ஓர் அடையாளம் இருக்கவேண்டும். எந்தக் கருவியாவது பேசாமல் போனால், 'தொடர்பு இல்லை' என்று உடனே காட்டவேண்டும். அதைச் செய்துவிட்டு மற்ற பொத்தான்களைத் தைரியமாகக் குறைக்கலாம். அதன் பிறகு திரை வெறுமையாக இருந்தால், வீட்டில் எல்லாம் நலம் என்று நம்பித் தூங்கலாம்.