தொல்லுயிர்கள் இன்றும் உளவோ?

சென்னை மாநகரின் வடபால் இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் ஆகிய ஊர்கள் கடலை அணைந்தவாறு வரிசையாக அமைந்துள்ளன. துறைமுகங்களும் தொழிற்சாலைகளும் மிகுந்த இப்பகுதியில், இராயபுரத்தை அடுத்த காசிமேட்டில் மீன்பிடித் துறைமுகம் ஒன்று உள்ளது. பொழுது புலருமுன்னரே அங்கு வஞ்சிரம், வவ்வால், சுறா, திருக்கை எனப் பலவகை மீன்கள் வந்து குவியும். அவற்றுள் எதனைக் காட்டினும் அதன் பெயரையும் இயல்பையும் மீனவர் உடனே எடுத்துரைப்பர். ஆயினும் கடல் மிகப் பெரிது. பெயரறியாத பேருடல் ஒன்று உருச்சிதைந்து எந்தக் கடற்கரையில் ஒதுங்கினாலும், பழங்கால விலங்கொன்று மீண்டு வந்துவிட்டது என்னும் பேச்சு காற்றினும் விரைந்து பரவும்.

பல கோடி ஆண்டுகளுக்கு முன்னர் டைனோசர் என்னும் பேருடல் விலங்குகள் நிலவுலகில் திரிந்தன. நீண்ட கழுத்துடைய வேறு சில ஊர்வன அக்காலக் கடல்களில் நீந்தின. ஏறத்தாழ 6 கோடியே 60 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்னர் அவை மறைந்தொழிந்தன என்பது அறிவியலார் முடிபு. ஆனால், மனிதர் புகாத காடுகளிலும் ஆழ்ந்த ஏரிகளிலும் அவற்றுட் சில இன்றும் வாழ்கின்றன என்று கூறுவோர் உண்டு. ஸ்காட்லாந்து நாட்டு நெஸ் ஏரியைப் பற்றியும், ஆப்பிரிக்காவின் காங்கோ நாட்டுச் சதுப்பு நிலங்களைப் பற்றியும் இத்தகைய செய்திகள் பல வழங்குகின்றன. நம் பாரத நாட்டிலும் அத்தகைய செய்தி ஒன்று உண்டு.

அருணாசலப் பிரதேசத்தில் சீரோ என்னும் அழகிய பள்ளத்தாக்கு உள்ளது. அங்கு வாழும் அபதானி மக்கள் நெல்வயல்களிலேயே மீனும் வளர்க்கும் திறம் படைத்தவர்கள். அவர்தம் முன்னோர் அங்குக் குடியேறிய காலத்தில் அப்பள்ளத்தாக்கு பெருஞ்சதுப்பாக இருந்ததாம். அச்சதுப்பில் 'புரு' என்னும் விலங்கு வாழ்ந்ததாம். ஆளைவிட இருமடங்கு நீளமும், நீண்ட கழுத்தும், குட்டையான கால்களும், வலிய வாலும் உடையது அது என்றும், முன்னோர் சதுப்பின் நீரை வடித்து வயலாக்கியபோது அவ்விலங்கினம் அழிந்துபட்டது என்றும் முதியோர் கூறினர். 1940களில் மில்ஸ், ஸ்டோனர் என்னும் இருவர் அச்செய்திகளைக் கேட்டு எழுதி வைத்தனர்.

பின்னர், ரிலோ என்னும் மற்றொரு பள்ளத்தாக்கில் அவ்விலங்கு இன்னும் உயிரோடு இருப்பதாகச் செய்தி வந்தது. ஆகவே 1948ஆம் ஆண்டில் ஸ்டோனரும், இசார்ட் என்னும் ஆங்கிலச் செய்தியாளரும் துணைவர் சிலருடன் அவ்விடம் சென்றனர். மழையையும் அட்டைகளையும் பொறுத்துக்கொண்டு, சதுப்பின் கரையில் பல வாரங்கள் காத்திருந்தனர். நீரில் அசைவு தோன்றும்போதெல்லாம் ஆவலோடு நோக்கினர். எனினும் புரு வெளிப்படவேயில்லை. இசார்ட் தாம் கண்டதையும் காணாததையும் மறைக்காமல் 1951இல் ஒரு நூலாக வெளியிட்டார். சீரோவில் முற்காலத்தில் வாழ்ந்தது பெரிய உடும்பு என்பர் சிலர். முதலை என்பர் சிலர். நுரையீரலால் மூச்சுவிடும் மீன் என்பாரும் உளர். இவர்தம் கருத்துகளுள் எது பொருந்தும் என்பதை ஓர் எலும்பு கிடைத்திருப்பினும் எளிதில் உறுதிசெய்திருக்கலாம். இன்றுவரை அத்தகைய எலும்பு ஒன்றும் அறிஞர் கைக்கு வந்திலது.

அவ்வாறாயின், இத்தகைய செய்திகளைக் கூறுவோர் அனைவரும் பொய்யுரைப்பவரா? அல்லர். கண் பெரும்பாலும் உள்ளதையே காண்கிறது. கண்டதற்குப் பெயரிடும்போதுதான் மனம் தவறுகிறது. இதற்கு ஒரு சான்று காண்போம்.

1977ஆம் ஆண்டு ஏப்ரல் 25ஆம் நாள், நியூசிலாந்துக்கு அருகில் மீன் பிடித்துக்கொண்டிருந்த சப்பானியக் கப்பல் ஒன்றின் வலையில் அழுகிய பேருடல் ஒன்று சிக்கியது. அது ஏறத்தாழ 10 மீட்டர் நீளமும் 1800 கிலோகிராம் எடையும் உடையது. சிறிய தலை, நீண்ட கழுத்து, துடுப்புப் போன்ற உறுப்புகள் ஆகியவற்றைக் கண்டோர், பழங்காலக் கடல் ஊர்வனவற்றுள் ஒன்றே அது என வியந்தனர். பிடித்த மீன்கள் கெட்டுவிடும் என்னும் அச்சத்தால் அவ்வுடலைக் கடலிலேயே எறிந்துவிட்டனர். நல்லூழாக, அதற்கு முன்னர் ஒருவர் நிழற்படங்கள் எடுத்ததோடு, அதன் துடுப்பிலிருந்து சில நார்களையும் வெட்டி வைத்திருந்தார். அந்நார்களை ஆராய்ந்தபோது, அவை கடலின் மேற்பரப்பில் மெல்ல நீந்தித் திரியும் ஒருவகைப் பெருஞ்சுறாவின் துடுப்பு நார்களை ஒத்திருந்தமை தெரியவந்தது. அச்சுறா இறந்து அழுகும்போது தாடையும் செவுள்களும் முதலில் கழன்று விழும். எஞ்சும் சிறு மண்டையோடும் முதுகெலும்பும் நீண்ட கழுத்தும் சிறு தலையும் போலவே தோன்றும். மாலுமிகள் கண்டது மெய்; அதற்கு இட்ட பெயரே பொருந்தவில்லை. கைப்பிடியளவு நார் இல்லையேல், இவ்வுண்மை இன்றும் விளங்காமலே போயிருக்கும்.

நம் தமிழ்நாட்டிலும் இதனை ஒத்ததொரு நிகழ்ச்சி நடந்தது. அரியலூர், பெரம்பலூர் வட்டாரங்கள் பழங்காலத்தில் கடலின் கீழ் இருந்தவை. அங்குள்ள பாறைகளில் கடலுயிர்களின் எச்சங்களும், டைனோசர்களின் எச்சங்களும் கிடைத்துள்ளன. 2009இல் அரியலூர் மாவட்டத்துச் செந்துறைப் பகுதியில் டைனோசர் முட்டைகளின் புதைபடிவங்கள் கண்டறியப்பட்டன. ஆயின் 2020இல் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் ஒரு நீர்நிலையைத் தூர்வாரியபோது கிடைத்த உருண்டைக் கற்களையும் டைனோசர் முட்டைகள் என்றே பலரும் பேசினர். வல்லுநர் ஆராய்ந்து, அவை நத்தை போன்ற சுருளோடுடைய பழங்காலக் கடலுயிர்களைச் சுற்றிப் படிந்து இறுகிய கற்களே என விளக்கினர். இரண்டும் ஒரே வட்டாரத்துச் செய்திகளே. ஒன்றை ஆய்வு மெய்யென நிறுவியது, மற்றொன்றைத் திருத்தியது.

மறைந்ததெனக் கருதிய உயிர் மீண்டும் கிடைத்ததே இல்லையோ எனின், கிடைத்ததும் உண்டு. 1938ஆம் ஆண்டு திசம்பர் 22ஆம் நாள், தென்னாப்பிரிக்காவின் ஈஸ்ட் லண்டன் துறைமுகத்தில், மீன்குவியலின் நடுவே நீலநிற மீன் ஒன்றை அவ்வூர்க் காட்சிச்சாலைப் பொறுப்பாளரான மார்ஜரி கோர்ட்னி லாட்டிமர் என்னும் மங்கையார் கண்டார். அதன் துடுப்புகள் சிறு கால்கள் போல் தசைப்பற்றுடன் இருந்தன. அம்மீனைக் காப்பாற்றி வைத்து, அதன் உருவை வரைந்து ஸ்மித் என்னும் பேராசிரியருக்கு அவர் அனுப்பினார். அது சீலகாந்த் என்னும் மீன். டைனோசர்களோடு மறைந்துவிட்டதாக அறிஞர் எண்ணியிருந்த இனம்! 1952இல் கொமொரோத் தீவுகளருகே இரண்டாவது மீன் கிடைத்தது. வியப்பு யாதெனில், அத்தீவு மீனவர் அதனை முன்னமே அறிந்து பெயரிட்டு வழங்கி வந்தனர். கடலையும் காட்டையும் நாளும் அறிந்து வாழ்வோரின் சொல்லை இகழ்தல் தகாது என்பதற்கும், அச்சொல்லோடு பொருட்சான்றும் வேண்டும் என்பதற்கும் இம்மீனே சான்றாகும்.

இனி, தொன்மையான கால்வழியில் வந்த உயிர்களைக் காண நாம் காங்கோவுக்கோ நெஸ் ஏரிக்கோ செல்ல வேண்டுவதில்லை. பறவைகள் யாவும் டைனோசர்களின் ஒரு கிளையினின்று தோன்றியவை என்பது இற்றைநாள் அறிவியல் கொள்கை. துறைமுகத்தில் மீனுக்காகக் கரையும் காகமும் அவ்வழியில் வந்ததே. மேலும், ஆண்டுதோறும் தை முதல் பங்குனி வரையுள்ள திங்கள்களில் சென்னைக் கடற்கரைக்கு ஆலிவ் ரிட்லி எனப்படும் சிற்றாமைகள் முட்டையிட வருகின்றன. 12 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட கடலாமையின் புதைபடிவம் தென்னமெரிக்காவின் கொலம்பியா நாட்டில் கிடைத்துள்ளது. எனவே, டைனோசர்கள் வாழ்ந்த காலத்திலேயே கடலாமைகள் கடலில் நீந்தின என்பது தெளிவு. டைனோசர்களை அழித்த பேரிடரையும் கடந்து வந்தது அவ்வாமைக் குலம்.

தாயாமை இரவில் கரையேறி, மணலில் குழி பறித்து, ஏறத்தாழ நூறு முட்டைகள் இட்டு, மண்ணால் மூடிவிட்டுக் கடலுக்குத் திரும்பும். ஏறக்குறைய ஐம்பது நாளில் குஞ்சுகள் வெளிவந்து, கடல்மேல் தோன்றும் ஒளியை நோக்கி ஊர்ந்து செல்லும். இவ்வளவுக்கும் இன்றியமையாதது மணற்பரப்பு. வடசென்னையிலோ அது சுருங்கிவிட்டது. நம் கரையோரமாக ஆண்டின் பெரும்பகுதியில் மணல் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகரும். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னைத் துறைமுகத்தின் சுவர்கள் கடலுள் நீண்டபோது அவ்வோட்டம் தடைப்பட்டது. தென்புறத்தில் மணல் தங்கி மெரினா அகன்றது. வடபுறத்தில் இராயபுரம் முதலாகக் கடல் நிலத்தை அரித்தது. வீடுகளையும் சாலைகளையும் காக்கக் கருங்கற்களைக் கொட்டி அரண் அமைக்க நேர்ந்தது. மக்களுக்கு அவ்வரண் தேவையே. ஆயினும் கல்லின்மேல் ஆமை எங்ஙனம் குழி பறிக்கும்?

கரையில் இடமின்மை ஒரு துன்பம். கடலில் வேறு துன்பங்கள் உள. 2017ஆம் ஆண்டு சனவரி 28ஆம் நாள் எண்ணூருக்கு அப்பால் இரு கப்பல்கள் மோதிக்கொண்டதால் எண்ணெய் கசிந்து கடலிற் பரவிக் கரையெங்கும் கருமையாய்ப் படிந்தது. 2025ஆம் ஆண்டு சனவரித் திங்களில் நூற்றுக்கணக்கான சிற்றாமைகள் சென்னைக் கடற்கரையில் இறந்து ஒதுங்கின. ஆமை நீரில் வாழினும் நுரையீரலால் மூச்சுவிடுவது. அடிக்கடி நீர்மட்டத்துக்கு வந்தாலன்றி அதற்கு உயிர்ப்பில்லை. இழுவை வலையில் நெடுநேரம் சிக்கினால் நீருக்குள்ளேயே மூச்சடைத்து இறந்துபடும். ஆமை மட்டும் தப்பிச் செல்லும்படி வாயில் அமைந்த வலைகள் உள்ளன. அவற்றைப் பயன்படுத்தினால் மீனவர் பிழைப்பும் நடைபெறும், ஆமையும் பிழைக்கும்.

1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் சிற்றாமைக்கு மிக உயர்ந்த காப்பை அளித்துள்ளது. எனினும் சட்டம் மட்டும் போதாது. மக்களின் துணையும் வேண்டும். இரவில் ஆமை கரையேறக் கண்டால் விளக்கொளி பாய்ச்சாமலும் ஆரவாரம் செய்யாமலும் விலகி நிற்றல் வேண்டும். முட்டையிட்ட இடத்தைக் கண்டால் வனத்துறையினருக்கு அறிவித்தல் வேண்டும். இவை மாணவரும் செய்யக்கூடியனவே.

வியப்பூட்டும் செய்தி ஒன்று செவிக்கு எட்டும்போது, கண்டவர் யார், அவர் கண்டது யாது, அதற்குக் கிடைத்த பொருட்சான்று யாது என வினவிப் பழகுதல் அறிவுடைமை. அவ்வாறு வினவும் மாணவன் வீண்பேச்சால் மயங்கான். மெய்யான புதுமை வரும்போது அதனைத் தவறவும் விடான். சீரோவின் சதுப்பு வயலாகிய பின்னர் புருவின் உண்மையை ஆராய வழியில்லாது போயிற்று. சிற்றாமையின் நிலை அத்தகையதன்று. அது இன்றும் நம் கடலில் உயிரோடு இருக்கிறது. பிற்காலத்து மாணவர் அதனைப் பற்றியும் முதியோர் சொல்லக் கேட்டறியும் கதையாக மட்டும் அறியும் நிலை வாராமல் காப்பது நம் கடமையாகும்.