சிக்னல் இல்லாமலும் வரும் ஓடிபி

வங்கி அனுப்பும் ஓடிபி எல்லோருக்கும் பழக்கம். யாராலும் அனுப்பப்படாத ஓடிபி ஒன்றும் இருக்கிறது. கூகுள் ஆத்தென்டிகேட்டர் போன்ற செயலியைத் திறந்தால் ஆறு இலக்க எண் ஒன்று தெரியும். 30 விநாடிக்கு ஒரு முறை மாறும். சிம்மைக் கழற்றி, வைஃபையை அணைத்துவிட்டுப் பாருங்கள். அப்போதும் மாறிக்கொண்டுதான் இருக்கும். சர்வரும் அதை ஏற்றுக்கொள்ளும்.

இந்த எண்ணுக்கான ரகசியச் சாவி கைமாறுவது ஒரே ஒரு தடவை, முதல் நாள் கியூஆர் கோடை ஸ்கேன் செய்யும்போது. அதன்பின் செல்போனும் சர்வரும் தனித்தனியே ஒரே கணக்கைப் போடுகின்றன. 1970 ஜனவரி 1 முதல் கடந்த விநாடிகளை 30-ஆல் வகுத்து, மீதியைத் தள்ளிவிடுகின்றன. கிடைத்த எண்ணையும் சாவியையும் சேர்த்து ஹெச்மேக் என்ற கணக்கில் செலுத்தினால், வழக்கமாக 20 பைட் விடை வரும். அதன் கடைசி நான்கு பிட்டுகள் 0 முதல் 15 வரை ஏதாவது ஓர் எண்ணைக் காட்டும். அந்த இடத்திலிருந்து நான்கு பைட் எடுத்து, முதல் பிட்டை நீக்கி, பத்து லட்சத்தால் வகுத்தால் வரும் மீதிதான் திரையில் தெரிவது. எங்கே வெட்டுவது என்பதையும் விடையே சொல்லிவிடுகிறது. யோசித்தவருக்குக் குசும்பு அதிகம்! 2011-ல் ஆர்எஃப்சி 6238 என்ற பெயரில் இந்த முறை வெளியானது.

கணக்கு நேரத்தை நம்பியிருப்பதால் தொல்லையும் அங்கேதான். பல சர்வர்கள் முந்தைய, பிந்தைய 30 விநாடிக்குரிய எண்களையும் ஏற்கும். கடிகாரம் அதற்கு மேல் பிசகினால் கதவு திறக்காது. "சரியான எண்ணைத்தான் போட்டேன் சார்" என்று பலர் ஒரே நேரத்தில் புகார் சொன்னால், அட்மின் முதலில் பார்க்கவேண்டியது, கடிகாரத்தைச் சரியாக வைக்கும் என்டிபி சர்வரில் ஓடுகிறதா என்பதை.

இன்னொரு சிக்கல் பெரியது. சர்வர் கடவுச்சொல்லை ஹேஷ் செய்து, அதாவது திரும்பப் பெற முடியாத வடிவத்துக்கு மாற்றி, மூலத்தை மறந்துவிடலாம். இந்தச் சாவியை அப்படி மறக்க முடியாது. ஒவ்வொரு தடவையும் கணக்குப் போட அது வேண்டும். இதே போன்ற கருத்தில் இயங்கும் செக்யூர்ஐடி டோக்கன்களை விற்றுவந்த ஆர்எஸ்ஏ நிறுவனத்துக்குள் 2011-ல் திருடர்கள் புகுந்தார்கள். ஊழியர் ஒருவர் திறந்த எக்செல் இணைப்புதான் வழிவிட்டது. அங்கே எடுத்த தகவலை வைத்துச் சில மாதங்களில் ராணுவத் தளவாட நிறுவனமான லாக்ஹீட் மார்ட்டின் மீது கை வைத்தார்கள். ஆர்எஸ்ஏ டோக்கன்களை மாற்றிக் கொடுக்க வேண்டியதாயிற்று. ஆகவே சர்வர் நடத்துபவராக இருந்தால், சாவிகளைத் தனியே என்கிரிப்ட் செய்து வையுங்கள். பயனராக இருந்தால், கியூஆர் கோடை ஸ்கிரீன்ஷாட் எடுத்து கேலரியில் போட்டுவைக்காதீர்கள். போன் தொலைந்தால் உதவும் ரெக்கவரி கோடுகளை அச்செடுத்து பீரோவில் வைப்பது மேல்.

உங்கள் எண்ணை வேறு சிம்முக்கு மாற்றும் மோசடியில், குறுஞ்செய்தி ஓடிபியைப் போலச் செயலியின் ஓடிபி சிக்காது. ஆனால் போலி இணையதளத்தில் நீங்களே தட்டச்சு செய்தால், அரை நிமிடத்துக்குள் திருடன் அதை அசல் தளத்தில் போட்டுவிடுவான். அந்த ஓட்டையை, கடவுச்சொல்லுக்குப் பதிலாக வரும் பாஸ்கீ அடைக்கிறது: எந்த முகவரிக்காக உருவாக்கப்பட்டதோ அந்த முகவரிக்கு மட்டுமே அது பதில் தரும்.